பழைய காருக்குப் பாலிஷ்: எதுவரை ஹலால்?

 

வியாபாரத்தில் நேர்மை என்று பேச ஆரம்பித்தாலே நமக்கு நினைவுக்கு வருவது தராசு, எடைக்கல், பாலில் கலக்கும் தண்ணீர். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அது பால்காரருக்குச் சொல்வது, நமக்கில்லை என்று உட்கார்ந்திருப்போம். இன்று தராசே இல்லாத ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். செகண்ட் ஹேண்ட் கார் டீலர்களுக்காகக் காரைக் கழுவி, பாலிஷ் போட்டு, உள்ளே சுத்தம் செய்து, விற்பனைக்குத் தயார் செய்து கொடுக்கிற வேலை. டீட்டெயிலிங் என்று போர்டு வைத்திருப்பார்கள். வாட்டர் வாஷ் ஷெட்டில் கூலிக்குச் சேர்ந்து, வேலை கற்று, ஒரு பஃபிங் மெஷினும் ஒரு வேக்யூமும் வாங்கித் தனியாகத் தொழில் தொடங்கிய இளைஞர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். வியர்வை சிந்திச் சம்பாதிக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக.

அவர்கள் கேட்கிற கேள்வி இது: "ஹஜ்ரத், காரை விற்பது டீலர். வாங்குகிறவர் யார் என்றே எனக்குத் தெரியாது. நான் கூலிக்குக் கழுவுகிறேன், தேய்க்கிறேன். காரில் குறை இருந்தால் அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ள விவகாரம். என் சம்பாத்தியம் ஹலால்தானே?"

நல்ல கேள்வி. ஹலாலைப் பற்றிய கவலை இருப்பவர்தான் இதைக் கேட்பார். ஆனால் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அந்த ஷெட்டுக்குள் என்னென்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

டீலரிடமிருந்து வண்டி வருகிறது. ஃபோம் வாஷ் செய்கிறார்கள். வீல், டயர், மட்கார்டு உள்பக்கம் தேய்க்கிறார்கள். பெயிண்டில் ஒட்டியிருக்கும் தார், சிமென்ட் தூசியைக் களிமண் போன்ற ஒரு பொருளால் உருட்டி எடுக்கிறார்கள். பிறகு காம்பவுண்டு போட்டு மெஷினால் ரப்பிங், அதன் மேல் பாலிஷ், அதன் மேல் வேக்ஸ். உள்ளே சீட், ரூஃப், கார்ப்பெட், டேஷ்போர்டு. பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கு டீகிரீசர் அடித்துக் கழுவுகிறார்கள். கடைசியில் டயருக்குக் கறுப்புப் பாலிஷ், உள்ளே வாசனை. இரண்டு பேர் சேர்ந்தால் அரை நாள் வேலை.

இதில் பெரும்பகுதி சுத்தம். சுத்தம் ஈமானோடு சேர்ந்தது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. விற்கும் பொருளைத் துடைத்து அழகாக வைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. பழக்கடைக்காரர் ஆப்பிளைத் துடைத்து அடுக்குவதைப் போல அது. அழுகிய பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தால்தான் பேச்சு மாறுகிறது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. கவனியுங்கள்: மழையை அந்த வியாபாரி பெய்ய வைக்கவில்லை. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்றும் அவருக்குச் சொல்லப்படவில்லை. ஈரம் எங்கே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் பேச்சு.

இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது. அன்றைய அரபுகளில் சிலர், ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்பதற்குச் சில நாள் முன்பிருந்தே பால் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பார்கள். சந்தையில் மடி நிறைந்து தொங்கும். நிறையப் பால் தரும் என்று நினைத்து வாங்குவார்கள். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர் கறந்து பார்த்த பிறகு, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்று உரிமை கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கும் செய்தி. அந்த விற்பனையில் ஒரு பொய் வார்த்தைகூட இல்லை. "இது ஐந்து படி கறக்கும்" என்று யாரும் சொல்லவில்லை. பேசியது வாய் இல்லை, மடி. செயலாலும் ஏமாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தங்களுடைய மின்ஹாஜ் நூலில் இதோடு இன்னும் சிலவற்றைச் சேர்க்கிறார்கள். நம் கடற்கரை ஊர் மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். தண்ணீரால் சுற்றும் மாவரைக்கும் திரிகையை விற்க வேண்டும்; ஆனால் வாய்க்காலில் தண்ணீர் குறைவு. விற்பவர் தண்ணீரை அடைத்து வைத்து, வாங்குபவர் வந்து நிற்கும்போது திறந்துவிடுகிறார். திரிகை வேகமாகச் சுற்றுகிறது. அடிமைகள் விற்கப்பட்ட அந்தக் காலத்தில், நரைத்த முடிக்குக் கறுப்புப் பூசி இளமையாகக் காட்டினார்கள். இவற்றிலெல்லாம் வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்கிறார்கள். ஆனால் ஒருவனுடைய சட்டையில் மையைத் தெளித்து, அவன் எழுத்தன் என்று நினைக்க வைத்தால்? அதற்கு அந்த உரிமை இல்லை என்பதே வலுவான கருத்து என்கிறார்கள். ஏன்? சட்டையில் மை இருப்பதால் ஒருவனுக்கு எழுதத் தெரியும் என்று ஆகிவிடாது. ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லிப் பார்த்திருக்கலாம், அவசரப்பட்டது வாங்கியவர்.

ஹனஃபி மத்ஹபில், மடி கட்டிய ஆட்டைத் திருப்பித் தரலாமா என்பதில் வேறு விளக்கம் உண்டு. ஆனால் ஏமாற்றுவது பாவம் என்பதில் இரண்டு மத்ஹபுக்கும் இடையில் ஒரு முடி அளவும் வித்தியாசம் இல்லை.

இப்போது ஷெட்டுக்குத் திரும்புவோம். டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போடுகிறோமே, அது சட்டையில் பட்ட மை மாதிரி. டயர் பளபளப்பதால் புது டயர் என்று யாரும் நம்பத் தேவையில்லை. குனிந்து பட்டனைப் பார்த்தால் தேய்மானம் தெரியும். ஆனால் இன்ஜினில் ஆயில் கசிகிறது. வாங்குபவர் 11 மணிக்கு வருகிறார். 10 மணிக்கு டீகிரீசர் அடித்து, கசிவின் தடம் தெரியாமல் கழுவி வைக்கச் சொல்கிறார்கள். இது அடைத்துத் திறந்த வாய்க்கால் தண்ணீர். அதே டீகிரீசர், அதே கை. மாதாமாதம் வரும் எல்லா வண்டிக்கும் இன்ஜின் கழுவுவது வேறு. இந்த வண்டிக்கு மட்டும், இந்தக் கசிவுக்காக, இந்த நேரத்தில் கழுவுவது வேறு.

நரைக்குக் கறுப்புப் பூசுவதும் இங்கே இருக்கிறது. மீட்டரில் கிலோமீட்டரைக் குறைப்பவர்கள் அதோடு நிறுத்த மாட்டார்கள். ஒன்றே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரின் பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கும். ஸ்டீயரிங் கைபட்டு மின்னும். டிரைவர் சீட்டின் ஓரம் நசுங்கியிருக்கும். மீட்டர் 45,000 என்று காட்டினால், பெடல் அதைப் பொய் என்று சொல்லிவிடும். எனவே பெடலுக்குப் புது ரப்பர், ஸ்டீயரிங்குக்குப் புது உறை, சீட்டுக்குப் புது கவர். மீட்டரில் கை வைத்தவர் வேறு யாரோ. ஆனால் அந்தப் பொய்க்குச் சாட்சி தயார் செய்து கொடுத்தது யார்? தேய்ந்த ரப்பரை மாற்றுவது சாதாரண வேலை. எதற்காக மாற்றச் சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகு மாற்றினால் அது சாதாரண வேலை இல்லை. பாவத்திலும் வரம்பு மீறலிலும் துணைபோவதை அல்மாயிதா அத்தியாயத்தின் 2வது வசனத்தில் அல்லாஹ் தடுக்கிறான்.

அப்படியானால் சின்னக் கீறல்களைக்கூட மறைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இதற்கும் நம் ஃபுகஹாக்கள் அழகான அளவுகோல் தந்திருக்கிறார்கள். பொருளையோ அதன் மதிப்பையோ குறைத்து, வாங்குபவரின் நியாயமான நோக்கத்தைக் கெடுப்பதுதான் ஐபு, அதாவது குறை. அதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: அந்த வகைப் பொருளில் பெரும்பாலும் இல்லாத ஒன்றாக அது இருக்க வேண்டும். எட்டு வருடம் ஓடிய காரில், துணியால் துடைத்துத் துடைத்து விழுந்த மெல்லிய வட்டக் கீறல்கள் எல்லாவற்றிலும் இருக்கும். வாங்குபவருக்கும் அது தெரியும். அதைப் பாலிஷில் குறைப்பது ஏமாற்று ஆகாது. மோதி நசுங்கி, டிங்கரிங் செய்து, புட்டி அடைத்து, பெயிண்ட் அடித்த கதவு எல்லாக் காரிலும் இருப்பதில்லை.

வெள்ளத்தில் மூழ்கியதும் எல்லாக் காரிலும் இருப்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை கார்கள் கூரை வரை தண்ணீரில் நின்றன என்பதை நாம் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் பார்த்தோம். அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. நம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி மூழ்கிய வண்டிகள் எல்லாம் உடைக்கப் போய்விடவில்லை. இன்சூரன்ஸில் முழுச் சேதம் என்று கணக்கு முடித்த வண்டிகள்கூட ஏலத்தில் கைமாறி, சுத்தமாகி, வேறு ஊரில் விற்பனைக்கு நிற்பது உண்டு. அந்தச் சுத்தம் செய்கிற வேலை இந்த ஷெட்டுகளுக்குத்தான் வருகிறது.

செய்தவர்களுக்குத் தெரியும். கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் உள்ள ஃபோம் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீர் குடித்திருக்கும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் கடைசிச் சுற்றில் வண்டல் கோடு இருக்கும். சீட் தண்டவாளத்து போல்ட்டில் துரு. வயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கும். இவையெல்லாம் வாங்குபவரின் கண்ணுக்குப் படாத இடங்கள். டீட்டெயிலிங் செய்பவரின் கை மட்டுமே போகும் இடங்கள். மூன்று நாள் காய வைத்து, ஓசோன் மெஷின் ஓட்டி, வாசனை அடித்துக் கொடுத்தால், வாடை போய்விடும். பச்சை பூத்த கனெக்டர் போகாது. ஏர்பேக்கின் கன்ட்ரோல் பெட்டி பல கார்களில் கியர் லிவருக்குப் பக்கத்தில், தரையோடு ஒட்டி இருக்கிறது. அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் போகும்போது ஏர்பேக் திறக்குமா, திறக்காதா? டீலருக்கும் வாங்குபவருக்கும் உள்ள விவகாரம் என்று இதைச் சொல்லிவிட முடியுமா?

தெரிந்தவருக்குக் கடமை உண்டு என்பதற்கு ஒரு ஸஹாபியின் வரலாறு இருக்கிறது. வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் பக்கத்தில் நிற்கும்போது ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். வாஸிலா (ரலி) அவர்கள் வேறு நினைவில் இருந்துவிட்டார்கள். அதற்குள் வாங்கியவர் ஒட்டகத்தோடு போய்விட்டார். பின்னாலேயே ஓடினார்கள். இறைச்சிக்கா வாங்கினீர், பயணத்துக்கா என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றார். இதன் குளம்பில் ஓட்டை இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், தொடர்ந்து நடக்காது என்றார்கள். அவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைத்துக்கொண்டார். என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் வருத்தப்பட்டபோது, குறையைச் சொல்லாமல் விற்பது விற்பவருக்கு ஆகாது, தெரிந்தவர் சொல்லாமல் இருப்பதும் ஆகாது என்ற நபிமொழியை எடுத்துக் காட்டினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதைக் கொண்டுவருகிறார்கள். அந்த வியாபாரத்தில் வாஸிலா (ரலி) அவர்களுக்கு ஒரு திர்ஹம் கமிஷன்கூட இல்லை. கூலி வாங்காதவருக்கே இந்தக் கடமை இருக்கிறது.

ஒரு கேள்வி வரும்: அடுத்தவரின் சரக்கைப் பற்றிக் குறை சொன்னால் புறம் பேசியது ஆகாதா? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அல்அத்கார் நூலில், புறம் ஆகாத இடங்களைச் சொல்லும்போது இதையும் சேர்த்திருக்கிறார்கள். விற்கப்படும் பொருளில் குறை இருப்பது தெரிந்தவர், அது தெரியாமல் வாங்குபவருக்குச் சொல்வது கடமை என்றே எழுதுகிறார்கள்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? டீலருக்குத் தெரியாமல் வாங்குபவரைத் தேடிப் போன் போடு என்று நான் சொல்லவில்லை. முதலில் டீலரிடம் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிட எழுத்தில் கொடுங்கள். வேலை முடிந்து பில் கொடுக்கும்போது கீழே நான்கு வரி: இடது முன்கதவு மறுபெயிண்ட், வால்வு கவரில் ஆயில் கசிவு, டிக்கி ஸ்டெப்னி குழியில் துரு. நல்ல டீலர் இதை விரும்புவார். பிறகு வரும் சண்டையிலிருந்து அவரைக் காப்பாற்றுவதே அந்த நான்கு வரிதான். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் செய்தியை அவரிடம் சொல்லுங்கள். மறைப்பதைத் தவிர வேறு பயன் இல்லாத வேலையை மறுத்துவிடுங்கள். வாங்குபவரே ஷெட்டுக்கு வந்து கேட்டால் பொய் சொல்லாதீர்கள். உயிருக்கு ஆபத்தான குறை, டீலர் சொல்லப்போவதில்லை என்றும் உறுதியாகத் தெரிகிறது, வாங்குபவர் யார் என்பதும் தெரியும் என்றால், வாஸிலா (ரலி) அவர்கள் ஓடிய தூரம் நமக்கும் உண்டு.

"பார்த்து எடுத்துக்கோங்க, அப்புறம் வரக்கூடாது என்று சொல்லித்தானே விற்கிறோம்" என்று டீலர் சொல்லலாம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு இருக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு, குறைக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி விற்றார்கள். வாங்கியவர் குறை இருக்கிறது என்று உஸ்மான் (ரலி) அவர்களிடம் போனார். விற்கும்போது எனக்குக் குறை தெரியாது என்று சத்தியம் செய்யுங்கள் என்று கலீஃபா தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்யாமல் அடிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். "பொறுப்பில்லை" என்ற சொல் தெரியாத குறைக்குத்தான் கேடயம் என்பது இந்தத் தீர்ப்பில் தெரிகிறது. பில்லில் நான்கு வரி வாங்கிய டீலர் எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்ய முடியாது. சிலர் அந்த நான்கு வரியை எழுத வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

விலைக்கு வருகிறேன். பல நேரங்களில் ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பேர், அரை நாள். ஒருவருக்கு நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 800 ஆகிவிட்டது. ஷாம்பு, காம்பவுண்டு, பேடு, துணி, கரண்ட், தண்ணீர் 250. இட வாடகையில் அந்தக் காரின் பங்கு 200. முதலாளி தனக்கென்று ஒரு ரூபாய் எடுக்காமலேயே 1,250. இப்போது டீலர் சொல்கிறார்: "மாதம் பத்து வண்டி தருகிறேன், வண்டிக்கு 900 போட்டுக்கோ." பத்து வண்டிக்கு ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டால், மிச்சம் 350 எங்கிருந்து வரும்? ஒன்று, வேலையாளின் கூலியிலிருந்து. அல்லது வேலையிலிருந்து. ரப்பிங் செய்யாமல், கீறல்களுக்குள் எண்ணெய்ப் பசையாக அடைத்துக்கொள்ளும் கிளேஸைத் தடவினால் அரை மணி நேரத்தில் பளபளக்கும். நாலு முறை கழுவி வெயிலில் நின்றால் எல்லாக் கீறலும் திரும்ப வந்துவிடும். பில்லில் "முழு பாலிஷ்" என்று இருக்கும். வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைப் பற்றி அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் பேசுகிறது. இங்கே தராசு இல்லை, மெஷின் ஓடிய நேரம்தான் தராசு.

நேர்மாறாக, அளவுக்கு மேல் தேய்ப்பதும் உண்டு. கம்பெனிப் பெயிண்ட் மொத்தமே தோராயமாக 100 முதல் 150 மைக்ரான். அதன் மேல் உள்ள கிளியர் கோட் ஒரு தலைமுடியின் கனம்கூட இருக்காது. ஒவ்வொரு முறையும் முரட்டுக் காம்பவுண்டு போட்டு ரப்பிங் செய்தால், இன்றைய பளபளப்புக்காக நாளைய வெயில் தாங்கும் தோலை உரிக்கிறோம். அந்தத் தோல் வாங்கப்போகிறவருடையது.

டீலருக்குக் குறைத்துக் கொடுப்பது தப்பில்லை. பத்து வண்டி சேர்ந்து வரும்போது தனி வாடிக்கையாளரிடம் வாங்குவதைவிடக் குறைப்பது வியாபார வழக்கம். விலை இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று மார்க்கம் கோடு கிழிக்கவும் இல்லை. விலை நிர்ணயம் செய்யச் சொல்லி மக்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். கேட்பது ஒன்றுதான்: கூலியும் வேலையும் இரண்டு பேருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். 900 ரூபாய்க்கு என்னால் கழுவவும், உள்ளே சுத்தம் செய்யவும், ஒரு வேக்ஸ் போடவும் முடியும். ரப்பிங் சேர்ந்தால் 1,700 என்று சொல்லிவிடுங்கள். 900 ரூபாய் வேலைக்கு 900 ரூபாய்ப் பெயரையே பில்லில் எழுதுங்கள்.

டீலர் சகோதரர்களும் இந்த ஸஃப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள். "வண்டி விற்றதும் காசு தருகிறேன்" என்பது ஒப்பந்தம் ஆகாது. வண்டி இந்த வாரமும் போகலாம், ஆறு மாதம் நிற்கவும் செய்யலாம். கழுவியவன் அதற்குக் காரணம் இல்லை. வேலை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருக்கிறான். புகாரியில் வரும் ஹதீஸ் குத்ஸி அது. பத்தாம் தேதி என்றால் பத்தாம் தேதி என்று எழுதிக் கொடுங்கள். கையில் காசு நேரத்துக்கு வராதவன்தான் அடுத்த வண்டியில் கிளேஸ் தடவுகிறான். அவனை அங்கே தள்ளியதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஏற்கெனவே எடுத்துக்கொண்ட வேலைகளில் சந்தேகம் உள்ளவர்கள் தொழுகை முடிந்ததும் மிஹ்ராபுக்குப் பக்கத்தில் வாருங்கள். வாட்ஸ்அப்பில் "ஹலாலா, ஹராமா" என்று ஒற்றை வரியில் கேட்காமல், என்ன வண்டி, என்ன குறை, என்ன செய்யச் சொன்னார்கள், எவ்வளவு பேசினீர்கள் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். முடிந்தால் அந்த பில்லையும் கையோடு கொண்டுவாருங்கள்.